வெயில் படாத இடம்

பெரியவர்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பதுதான் கஷ்டமான வேலை என்று விசிலக்கா சொல்வார். குழந்தைகள் தண்ணீருக்கு மட்டும்தான் பயப்படும். வளர்ந்தவர்கள் தண்ணீருக்கும் பயப்படுவார்கள், பக்கத்தில் நிற்பவர் சிரித்துவிடுவாரோ என்றும் பயப்படுவார்கள். நகராட்சி நீச்சல்குளத்தின் பெண்கள் வகுப்பில் அப்படி நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு, அதை ஊதவே ஊதாமல் தொண்டையாலேயே எங்களை விரட்டியதால் அவருக்கு அந்தப் பெயர்.

ஒருத்தி மூழ்கினால் அவருக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும். "கை சரியா இருக்கு. மூச்சும் சரி. அப்ப இடுப்புதான் தொங்குது" என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து தவறைப் பிடித்துவிடுவார். "என்னமோ தெரியலக்கா, அப்படியே ஆயிடுச்சு" என்று யாராவது சொன்னால் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். "அப்படியே எதுவும் ஆகாது" என்பார்.

அவருடைய தோலில் அந்தச் சிவப்புத் திட்டு முதலில் இடுப்புக்குக் கீழே, நீச்சலுடை மூடும் இடத்தில் வந்தது. உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு, அதன்மேல் மெல்லிய செதில். சில மாதம் கழித்துத் தொடையின் மேற்பகுதியில் இன்னொன்று. ஆரம்பத்தில் அரிக்கவில்லை. பிறகு ஆரம்பித்த அரிப்பு நிற்கவே இல்லை.

முதல் டாக்டர் பார்த்த மாத்திரத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டார். "நாள் பூரா ஈரத் துணியில இருக்கீங்க. அந்தத் துணி உங்களுக்கு ஒத்துக்கல. காஸ்ட்யூமை மாத்துங்க."

மாற்றினார். வேறு கம்பெனி, வேறு துணி, ஒரு அளவு பெரிது. தொளதொளவென்று அதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினால் காற்றடைத்த பை மாதிரி உப்பிக்கொண்டது. திட்டு போகவில்லை. இரண்டாவது டாக்டர் துணியை விட்டுவிட்டு குளோரினைப் பிடித்துக்கொண்டார். ஒரு களிம்பு எழுதிக்கொடுத்தார். தடவினால் அடங்கியது, நிறுத்தினால் வந்தது. சின்னத் துண்டு தோலை வெட்டிச் சோதனைக்கும் அனுப்பினார்கள். எக்சிமா என்கிற சாதாரணத் தோல் அழற்சி மாதிரிதான் இருக்கிறது என்று வந்தது.

"மாதிரின்னா என்ன அர்த்தம்? ஆமாவா, இல்லையா?" என்று எங்களிடம் கேட்டார். துணி மாற்றும் அறையில் நாங்கள் தலை துவட்டிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு என்ன தெரியும்.

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் பிரித்துப் பார்த்தால் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிற மனிதர். வீட்டிலிருந்த சோப்பை மாற்றினார், துணி துவைக்கும் பவுடரை மாற்றினார், மெத்தை விரிப்பை மாற்றினார். கடைசியில் மிச்சமிருந்தது தான் ஒருவர்தான் என்று முன்னறைக்குப் போய்ப் படுத்தார். எதுவும் பலிக்கவில்லை. விசிலக்கா சீப்பால் சொறிந்தார், ஸ்கேலால் சொறிந்தார், கதவு நிலையில் இடுப்பைத் தேய்த்தார். தூக்கம் கெட்டது. வகுப்பில் எரிந்து விழுந்தார். பிறகு அவரே, "உங்களைச் சொல்லல, என் தோலைச் சொன்னேன்" என்பார்.

இப்படியே வருஷங்கள் ஓடின. திட்டுகள் தடித்தன. ஒன்று மேல்கையின் உட்புறத்தில் வந்தது. அதுவரை துணிக்குள் இருந்த விஷயம் அத்தோடு எல்லோர் கண்ணிலும் பட்டது.

சிறுவர் வகுப்புக்குக் குழந்தையைக் கொண்டுவந்த ஒரு தாய் மேனேஜரிடம் போனார். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர் போனார்கள். மேனேஜர் நல்ல மாதிரிதான். விசிலக்காவை உட்காரவைத்து, மின்விசிறியைப் போட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேசினார்.

"கொஞ்ச நாளைக்கு டிக்கெட் கவுண்டர்ல இருங்கக்கா. குணமானதும் பழையபடி எறங்கலாம்."

"இது ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லியிருக்காரு."

"எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியணுமே."

"தெரியலன்னா நீங்கதானே சொல்லணும்? அதுக்குத்தானே அந்த நாற்காலி?"

மேனேஜர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். மறுநாளிலிருந்து விசிலக்கா கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கிழித்தார். அவருக்குப் பதிலாக வந்த பையனுக்கு நல்ல நீச்சல் தெரியும், கற்றுக்கொடுக்கத் தெரியாது. நான் மூழ்கிய ஒவ்வொரு தடவையும் கவுண்டர் பக்கம் பார்ப்பேன். அங்கிருந்து கையை ஆட்டி இடுப்பைத் தூக்கச் சொல்வார்.

என் அலுவலகம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்தது. அங்கே தோல் பிரிவுக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு நான்தான் விசிலக்காவை அழைத்துப்போனேன். அவருக்குப் போகவே பிடிக்கவில்லை. "இன்னொரு களிம்பு எழுதுவாங்க. வீட்டுல ஏற்கெனவே ஒரு கடையே வச்சிருக்கேன்."

டாக்டரம்மா களிம்பு எழுதவில்லை. எங்கே முதலில் வந்தது, எங்கே வரவே இல்லை என்று கேட்டார். உடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம், கழுத்து, தோள், முன்கை எல்லாம் சுத்தமாக இருந்தன. திறந்தவெளிக் குளத்தில் வெயில் காய்ந்து கறுத்த தோல் அது.

"காஸ்ட்யூம் மூடின இடத்துலதான் ஆரம்பிச்சிருக்குன்னு எல்லாரும் காஸ்ட்யூமைச் சந்தேகப்பட்டிருக்காங்க," என்றார். "அது துணி பட்ட இடம்னு பாத்தாங்க. வெயில் படாத இடம்னும் பாக்கலாம். வெயில் படாத இடத்துல ஆரம்பிக்கிற நோய் ஒண்ணு இருக்கு."

களிம்பு நோயின் அடையாளத்தை மறைத்துவிடும் என்று எல்லாவற்றையும் சில வாரம் நிறுத்தச் சொன்னார். அந்த வாரங்களில் விசிலக்கா பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. பிறகு மூன்று இடத்தில் தோல் எடுத்தார்கள். முடிவு சொல்லும் நாளில் கணவரும் வந்தார், நானும் போனேன். ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ஒரு வகை, தோலில் வந்து குடியேறி, கட்டுப்பாடில்லாமல் பெருகுகிறது. புற்றுநோய்தான், ஆனால் மெல்ல நகர்வது. ரத்தத்திலும் உள்ளுறுப்புகளிலும் இப்போதைக்கு இல்லை.

கணவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். விசிலக்கா அழவில்லை. அவருக்குக் கோபம்தான் வந்தது.

"முதல்ல எடுத்த தோல்லயே இது தெரிஞ்சிருக்க வேண்டாமா?"

"ஆரம்பத்துல இது எக்சிமா மாதிரியேதான் இருக்கும். மைக்ராஸ்கோப்புலயும் அப்படித்தான். நல்ல டாக்டருங்களே தவற விடுவாங்க. அப்ப நான் பாத்திருந்தாலும் தவற விட்டிருப்பேன்."

யாரையாவது திட்டிவிட்டு வரலாம் என்று போனவருக்கு அதற்கும் வழியில்லாமல் போயிற்று. பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "அந்தத் தொளதொளா காஸ்ட்யூமை எத்தனை வருஷம் போட்டேன்" என்றார்.

முதலில் ஒளி சிகிச்சை கொடுத்தார்கள். ஆளுயரக் குழல் விளக்குகள் சுற்றி நிற்கும் ஒரு பெட்டிக்குள் போய் நின்றுவிட்டு வர வேண்டும். மெல்லிய திட்டுகள் வெளுத்தன. தடித்தவை அசையவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த மாத்திரை வந்தது, அதோடு அந்தப் பெயரும்.

ஹிஸ்டோன் டிஅசிடைலேஸ். மாத்திரை தடுக்கப்போகும் என்சைமின் பெயர் அது. கணவர் வீட்டுக்கு வந்து, "டீ, ஆசிட், லேஸு. மூணுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டாராம். பல மாதங்களில் விசிலக்கா சிரித்தது அப்போதுதான் என்று அவர் தங்கை சொன்னார். தங்கை பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியை. டாக்டரம்மா சொன்னது பாதிதான் புரிந்தது என்று மீதிக்கு அக்கா அவரைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். சமையலறை மேசையில் காய்கறியை ஒதுக்கிவிட்டுத் தங்கை நூல்கண்டு ஒன்றை எடுத்துவைத்தார்.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் டி.என்.ஏ. ரெண்டு மீட்டர் நீளத்துக்கு இருக்கு. அதை அப்படியே அள்ளிப் போட முடியாது. அதனால குட்டிக் குட்டி உருளைங்க மேல சுத்தி வச்சிருக்கு. அந்த உருளைங்கதான் ஹிஸ்டோன். புரதம்."

"சரி."

"எந்த மரபணு வேலை செய்யணுமோ அந்த இடத்துல நூல் கொஞ்சம் தளர்வா இருக்கணும். இறுக்கமா இருந்தா படிக்க முடியாது. மரபணு இருக்கும், ஆனா வாயைத் தொறக்காது. உருளை மேல அசிடைல்னு ஒரு சின்னத் துணுக்கு ஒட்டினா நூல் தளரும். ஒட்டுறதுக்கு ஒரு என்சைம் கூட்டம். பிச்சு எடுக்கறதுக்கு இன்னொரு கூட்டம். பிச்சு எடுக்கறவங்கதான் இந்த டிஅசிடைலேஸ். பிச்சதும் நூல் மறுபடி இறுகிடும்."

"அப்ப இவங்கதான் கெட்டவங்க."

"இல்லக்கா. இவங்க இல்லன்னா ஒரு செல்லும் ஒழுங்கா இருக்காது. கண்ணுல இருக்கிற செல்லுலயும் ஈரல்ல இருக்கிற செல்லுலயும் ஒரே டி.என்.ஏ.தான். கண்ணு செல் கண்ணா இருக்கணும்னா ஈரலோட மரபணுவெல்லாம் வாயை மூடிட்டு இருக்கணும். அப்படி மூடி வைக்கிறதுல இவங்களுக்கும் பங்கு உண்டு. உன் தோல்ல இருக்கிற அந்த அணுவுல, மூடக்கூடாத சில மரபணுவையும் மூடி வச்சிருக்கலாம். 'பெருகினது போதும், நிறுத்து'ன்னு சொல்ற மரபணு, 'வயசாச்சு, செத்துப்போ'ன்னு சொல்ற மரபணு. மாத்திரை இந்த என்சைமோட கையைக் கட்டிப்போடும். நூல் தளரும். மூடிக் கிடந்தது பேச ஆரம்பிக்கும்."

விசிலக்கா நூல்கண்டை எடுத்து நூலை இழுத்துப் பார்த்தார். இதுவரை அவருக்குப் பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. காரணம் ஒன்று கைக்குக் கிடைத்திருக்கிறது.

"எனக்கு எந்த மரபணு மூடியிருக்கு?"

"அது தெரியாதுக்கா."

"மாத்திரை அதை மட்டும் தொறக்குமா?"

"இல்ல. நூத்துக்கணக்குல மாறும். சிலது தொறக்கும், சிலது மூடவும் செய்யும். அதுவுமில்லாம இந்த என்சைமுல மொத்தம் பதினெட்டு வகை இருக்கு. மாத்திரை அதுல பலதைத் தடுக்கும். அதுங்க ஹிஸ்டோனை மட்டும் தொடறதும் இல்ல, வேற புரதங்கள்ல இருந்தும் துணுக்கைப் பிச்சு எடுக்கும்."

"அப்ப பேரே சரியில்ல."

"முதல்ல அங்கதான் கண்டுபிடிச்சாங்க. அந்தப் பேரே நின்னுடுச்சு."

விசிலக்கா நூல்கண்டை மேசையில் வைத்தார். "நான் ஒருத்திக்கு நீச்சல் சொல்லித் தரும்போது, கையை மாத்து, காலை மாத்து, தலையை மாத்து, எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்து, எதுனாலயோ மிதந்துடுவேன்னு சொன்னா, என்னை வேலையில வச்சிருப்பாங்களா?"

"எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்" என்று தங்கை முனகினார். பாவம், அவர் பாடப்புத்தகத்தைத் தாண்டி எவ்வளவோ படித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

மாத்திரை ஆரம்பித்த இரண்டாம் வாரமே நாக்கு போயிற்று. எது சாப்பிட்டாலும் இரும்பை நக்கியது போல இருந்தது. அதுவும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கண்டிப்பு. தண்ணீரில் வாழ்ந்தவருக்குத் தண்ணீரைப் பார்த்தாலே குமட்டியது. வயிறு கலங்கிக்கொண்டே இருந்தது. டிக்கெட் கவுண்டருக்கும் கழிவறைக்கும் நடந்தே இளைத்தார். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்தன. ஈறில் ரத்தம் கசிந்தது. டாக்டரம்மா மாத்திரையின் அளவைக் குறைத்தார்.

"தோல்ல இருக்கிற நோய்க்கு நாக்கும் வயிறும் எதுக்குக் கஷ்டப்படணும்?" என்று ஒருநாள் டாக்டரம்மாவிடமே கேட்டார்.

"அந்த என்சைம் நாக்குலயும் இருக்கு, வயித்துலயும் இருக்கு, ரத்தம் ஊறுற எலும்புக்குள்ளயும் இருக்கு. மாத்திரைக்கு விலாசம் தெரியாது."

"விலாசம் தெரியாதவனை ஏன் அனுப்புறீங்க?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். விசிலக்கா சிரிக்கவில்லை. டாக்டரம்மா சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "இதைவிட நல்ல ஆள் இன்னும் கெடைக்கல" என்றார். அந்தப் பதிலில் பொய் இல்லை என்பதால் விசிலக்கா அதற்கு மேல் சண்டைபோடவில்லை.

அரிப்பு நின்றதை அவர் உடனே கவனிக்கவில்லை. ஒரு மதியம், பத்தாவது மாடியில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட கல்யாணப் பெண்ணைத் தான் மீட்ட கதையைக் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கதை சொன்னால் ஒவ்வொரு திருகாணியும் வரும். கதை முடிந்தபோதுதான், இவ்வளவு நேரமும் தான் ஒருமுறைகூடச் சொறியவில்லை என்பது விசிலக்காவுக்கு உறைத்தது. கணவரிடம் சொன்னார். அவர் எழுந்து உள்ளே போய் வெகுநேரம் முகம் கழுவிவிட்டு வந்தாராம்.

ஆனால் திட்டுகள் இருந்தன. சற்று மெலிந்தன, ஓரம் மங்கியது, அவ்வளவுதான். டாக்டரம்மா அளந்து பார்த்துவிட்டு, பாதிக்குக் கிட்டே குறைந்திருக்கிறது, இந்த மாத்திரைக்கு இதுவே நல்ல பலன், பத்துப் பேரில் மூன்று பேருக்குத்தான் இவ்வளவும் கிடைக்கிறது என்றார். அந்த மூன்று பேருக்கு மட்டும் ஏன் என்று விசிலக்கா கேட்டார். அது டாக்டரம்மாவுக்கும் தெரியாது. அக்கம்பக்கத்தார் எல்லாம், "அரிப்பு போயிடுச்சு இல்ல, பெறகென்ன" என்றார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதி வழியில் நிற்கிறவளைப் பார்த்து, வந்துசேர்ந்துவிட்டாயே என்கிறார்கள் என்று என்னிடம் குமுறினார்.

குளத்தில் இறங்கலாமா என்று அவர் கேட்டதற்கு, புண் எதுவும் இல்லாதவரை தாராளமாக இறங்கலாம் என்றார் டாக்டரம்மா. மேனேஜர் அதற்கும் யோசித்தார். விசிலக்கா இந்த முறை அவர் அறைக்குள் உட்காரவில்லை. நேராகப் பெண்கள் வகுப்புக்கு, சரியான அளவு நீச்சலுடையோடு, கையும் தொடையும் தெரிய வந்து, ஆழமில்லாத பக்கத்தின் விளிம்பில் நின்றார்.

"எல்லாரும் ஒரு தடவை நல்லாப் பாத்துக்கங்க. பிறகு ஓரக்கண்ணால பாக்க வேண்டாம். இது வெள்ளை அணு தோல்ல வந்து பெருகுற ஒரு புற்றுநோய். இது தொத்தாது."

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "தண்ணி மூலமாகூடவாக்கா?"

"என் உடம்புல பொறந்த அணு. என் பேச்சையே கேக்க மாட்டேங்குது. உன்கிட்ட வந்து என்ன செய்யப்போகுது? வெளிய வந்தா செத்துப்போகும்."

இரண்டு பேர் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பெண் யோசித்துவிட்டு இறங்கினாள். நாங்கள் பழையவர்கள் ஏற்கெனவே தண்ணீரில் இருந்தோம். விசிலக்கா படியில் இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். அப்புறம், "என்ன வேடிக்கை? சுவரைப் பிடிங்க, காலை அடிங்க" என்றார். மேனேஜர் ஜன்னலிலிருந்து பார்த்தார். தடுக்க வரவில்லை. சிறுவர் வகுப்பு மட்டும் அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. அந்த வருத்தம் அவருக்கு நோயைவிடப் பெரிதாக இருந்தது.

ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் அப்படி ஓடியது. பிறகு மேல்கைத் திட்டு தடிக்கத் தொடங்கியது. அரிப்பு மீண்டும் வந்தது, முதலில் விட்டுவிட்டு, பிறகு விடாமல். அந்த அணுக்கள் மாத்திரைக்குப் பழகி வேறு வழி கண்டுபிடித்துவிட்டன என்றார் டாக்டரம்மா. அடுத்தது ஊசி, நரம்பு வழியாக, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும்.

"இது எதைத் தடுக்கும்?"

"அதே என்சைமைத்தான். ஆனா வேற மாதிரி, வேற வகைகளை அதிகமா."

விசிலக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த சலிப்பை எழுத எனக்குத் தெரியவில்லை. "மறுபடி அந்த டீ, ஆசிட், லேஸா?" என்றார். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை, கணவர்தான் குனிந்துகொண்டார்.

ஊசி இப்போது நடந்துகொண்டிருக்கிறது. ஊசி போட்ட மறுநாள் அவருக்கு எழுந்திருக்கவே முடியாது; அதற்கு மறுநாள் வகுப்புக்கு வந்துவிடுவார், தண்ணீரில் இறங்காமல் விளிம்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கத்துவார். தொடைத் திட்டு ஒன்று மறைந்துவிட்டது. முதுகில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. நூல் எந்த இடத்தில் தளர்கிறது, எது பேசுகிறது, எது இன்னும் வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று எவருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.

போன வாரம் டாக்டரம்மா, "ஆராய்ச்சிக்காக உங்க தோல்ல இன்னும் கொஞ்சம் எடுத்துக்கலாமா? யாருக்கு மருந்து கேக்குது, யாருக்குக் கேக்கலன்னு பாக்கறாங்க. அதனால உங்களுக்கு எந்தப் பலனும் வராம போகலாம்" என்றார்.

"எடுத்துக்கங்க," என்றார் விசிலக்கா. "ஆனா என்ன தெரிஞ்சதுன்னு எனக்குச் சொல்லணும். மாதிரி கீதிரின்னு சொல்லக் கூடாது."

சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தார். மரத்துப்போகும் மருந்து போட நர்ஸ் வரத் தாமதமானது. ஐந்து மணி வகுப்புக்கு நேரமாகிறது என்று அவர் மூன்று தடவை சொன்னார்.